திறந்தால் சொல்ல வேணும்

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதுவதென்றால் அவளிடம் கேட்க வேண்டும், இனிக் கேட்க முடியாது. கேளாமல் அவளுக்குச் செய்த ஒரு காரியம் ஏற்கனவே என் தலையில் கிடக்கிறது. அவள் உயிரோடு இருந்த கடைசி ஐந்து மாதமும் அதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்தே சொல்லாமல் விட்டவள் நான். பெயரையும் கேளாமல் எடுத்துப் போட்டால் எனக்கே பொறுக்காது.

முல்லைத்தீவுக் கச்சேரி அலுவலகத்துக்குக் கிட்ட ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்தாள். காணிப் பத்திரம், மரணச் சான்றிதழ், விட்டுவிட்டுப் போன புருசனுக்கு எழுதிய கடிதம் என்று சனம் அங்கே கொண்டுவராத தாள் இல்லை. "எழுத்து கீழை பாக்கிற மாதிரிப் பிடிச்சுத் தாங்கோ" என்பாள். அப்படியே வாங்கி, அப்படியே கண்ணாடியில் வைத்து, வந்த பிரதியையும் கவிழ்த்தே கொடுப்பாள். தட்டச்சு வேலை வந்தால் என்ன செய்வீர், வாசிக்காமல் அடிக்க ஏலுமோ என்று நான் ஒருநாள் மடக்கிக் கேட்டேன்.

"கை வாசிக்கும் அக்கா. நான் வாசிக்கிறேல்லை."

நானென்றால் அந்தக் கடையில் ஒரு நாள் நின்றிருந்தாலே முல்லைத்தீவின் பாதிக் கதையை வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பேன். எனக்கு விடுப்பு, அதாவது அடுத்தவர் கதை அறிகிற ஆசை, என்றால் உயிர். வட்டக்கச்சியில் முன்பள்ளி நடத்துகிறேன். பிள்ளைகள் வரைகிற படத்தைப் பார்த்தே எந்த வீட்டில் சண்டை என்று சொல்லிவிடுவேன். அம்மா என்னை 'ஊர்ப் பேப்பர்' என்று கூப்பிட்டது சும்மா இல்லை.

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தது ஒரு விளையாட்டு. கொரோனா ஊரடங்கில் தொடங்கியது. நோர்வேயில் இருக்கும் ஒரு கணினிக்காரர் இணையத்தில் ஒரு தளம் செய்து, அதற்குள் பவளத்துறை என்று ஒரு பொய்த் துறைமுகப் பட்டினத்தை வைத்தார். சேருகிற ஒவ்வொருவரும் அந்தப் பட்டினத்தில் ஓர் ஆளாக வேண்டும். ஒருவர் வைத்தியர், ஒருவர் கள்ளன், ஒருவர் காவலாளி. படம் இல்லை, சத்தம் இல்லை, எல்லாம் எழுத்துத்தான். கள்ளன் "மதிலால் குதிக்கிறேன்" என்று எழுதினால் காவலாளி "தடியோடு ஓடி வருகிறேன்" என்று எழுதுவார். இங்கிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஐம்பது அறுபது பேர் ஆடினார்கள். நான் மூன்று கப்பல் வைத்திருந்த பெரிய வியாபாரி. நிஜத்தில் சைக்கிள் ஒன்று, அதற்கும் பின்சில்லில் காற்று நிற்காது.

இதை நடத்தச் சம்பளமில்லாத அட்மின் மூன்று பேர். அவள், நான், வவுனியாவில் புடைவைக் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணர். சண்டை வந்தால் தீர்ப்பது, புது ஆட்களைச் சேர்ப்பது, ஆட்டத்தில் யார் செத்தார் யார் பிழைத்தார் என்று முடிவு சொல்வது எங்கள் வேலை. அட்மினுக்கு எல்லாக் கதவும் திறக்கும். ஆட்டக்காரர் ஒருவருக்கொருவர் தனியாக எழுதும் மடல்கள் கிடக்கும் உள்பெட்டிகூட, ஒரு தட்டில் திறந்துவிடும்.

அந்த வேலைக்கு வந்த முதல் கிழமையே அவள் நோர்வேக்காரரைப் பிடித்து ஒரு பதிவேடு செய்வித்தாள். எந்த அட்மின் எவருடைய உள்பெட்டியைத் திறந்தாலும் அதில் ஒரு வரி தானாக விழும். திறந்தவர் பெயர், நாள், கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை மூன்று பேரில் யாரும் நிரப்பலாம், நிரப்பியவர் பெயரும் நாளும் நேரமும் பக்கத்தில் விழும். திறந்தவர் ஒரு நாளைக்குள் உரிய ஆளுக்கு "உங்கட மடலைத் திறந்தனான், இதுக்காக" என்று தானே எழுதிச் சொல்லவும் வேண்டும்.

"விளையாட்டுத்தானே பிள்ளை, உதுக்கென்ன இவ்வளவு கெடுபிடி?" என்று நானா சிரித்தார்.

"திறக்க ஏலும் எண்டதுக்காகத் திறக்கிறதோ நானா? திறந்தா சொல்ல வேணும்."

அவ்வளவுதான் அவளுடைய வேதம். அதை ஒரு நாளைக்கு நாலுதரம் சொல்லுவாள். எனக்குக் காது புளித்தது.

முதலில் அடிபட்டது நான்தான். பவளத்துறையை ஒரு கொள்ளைக் கூட்டம் தாக்கப் போகிறது என்று அட்மின் பக்கத்தில் திட்டம் போட்டிருந்தோம். ஆட்டக்காரர் யாருக்கும் தெரியாது. தாக்குதலுக்கு முதல் நாள் என் வியாபாரி மூன்று கப்பலையும் பத்திரமாகக் கடலுக்குள் நகர்த்திவிட்டாள். கை தன்பாட்டில் எழுதிப்போட்டுது. மற்ற எல்லாருடைய தோணியும் எரிந்தது.

அவள் உடனே அழைத்தாள். "அக்கா, கொள்ளைக்காரர் வருவினமெண்டு உங்களுக்குத் தெரியும். கப்பல்காரிக்குத் தெரியாது. அவாவுக்கு ஆர் சொன்னது?"

"சரி, அடுத்தமுறை பாப்பம்."

"எல்லாருக்கும் எழுதுங்கோ. நான் அட்மினா இருந்து அறிஞ்சதை என்ர ஆளுக்குச் சொல்லிப்போட்டன் எண்டு."

எனக்கு வந்த ஆத்திரம்! என்னைவிடப் பதினாலு வயது இளையவள், எனக்குப் பாவமன்னிப்புச் சொல்லித் தாறாளோ? நான் நாலு நாள் அவளோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் எழுதினேன். ஒருவர்கூடக் கோபிக்கவில்லை. காவலாளியாக ஆடிய கனடாக்காரர், "அப்ப ஒரு கப்பலை எங்களுக்குத் தாங்கோ, விசயம் முடிஞ்சுது" என்றார். ஒரு கப்பலைக் கொடுத்தேன். அவள் எனக்கு ஒரேயொரு வரி அனுப்பினாள்: "பாத்தியளே, ஒண்டும் ஆகேல்லை."

ஒன்றும் ஆகாது என்று அன்றைக்கே காட்டித் தந்தவள். அதையும் வைத்துக்கொண்டுதான் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை என்பதை நினைக்க எனக்கு என்னையே அடிக்க வேண்டும்போல இருக்கிறது.

அவளுடைய ஆள் பவளத்துறையில் ஓடக்காரி. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றி இறக்குவாள். அட்மினான அவள் நினைத்திருந்தால் அரசியாகவே இருந்திருக்கலாம். அட்மினுடைய ஆளுக்குப் பதவி இருக்கக்கூடாது என்று அவளே ஒரு விதி வைத்திருந்தாள். அவளுடைய சொந்தத் தம்பி ஒருநாள் ஆட்டத்தில் சேர்ந்து, சேர்ந்த இரண்டாம் மாதம் கோயில் விளக்கைத் திருடியதாக மாட்டிக்கொண்டான், எடுக்கவேயில்லை என்று சாதித்தான். தீர்ப்பு அவளுடைய முறை. "இதிலை நான் இல்லை. அக்கா பாருங்கோ" என்று விலகிவிட்டாள். நான் அவனைப் பட்டினத்தைவிட்டு ஒரு மாதம் துரத்தினேன். அந்த வீட்டில் ஒரு கிழமை அக்காவும் தம்பியும் முகம் பார்க்கவில்லையாம். "நண்டுக் கறி வைச்சுப் பாத்தனான், அதுக்கும் மசியிறானில்லை" என்று அழாக்குறையாகச் சொன்னாள். அவர்கள் கடற்கரைக் குடும்பம், கிறிஸ்தவ வேதக்காரர். அந்த வீட்டில் நண்டுக்கு மசியாத கோபம் என்றால் சின்னக் கோபம் இல்லை.

பிறகு பகிடி இல்லாத விசயம் ஒன்று வந்தது. ஆட்டத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, வயதான ஒரு ஆட்டக்காரர் தனக்குக் கண்டபடி மடல் எழுதுகிறார் என்று அவளிடம் சொன்னாள். அவள் அந்தப் பிள்ளையிடம், "நான் திறந்து பாக்கட்டோ?" என்று கேட்டுத் திறந்தாள். பார்த்த அன்றைக்கே பதிவேட்டில் காரணத்தை முழுதாக எழுதி, அந்த ஆளுக்கும் திறந்ததைச் சொல்லி, அவரை வெளியே போட்டாள்.

நானாவுக்குக் கொதி. "தங்கச்சி, அந்தாள் வேறை எத்தினை பிள்ளையளுக்கு எழுதிச்சோ? எல்லாற்ற பெட்டியையும் திறந்து பாத்திட்டா என்ன?"

நானும் அந்தப் பக்கம்தான். எனக்குக் கொதியும் இருந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் விடுப்பும் இருந்தது.

"அந்தப் பிள்ளையள் எங்களுக்குத் திறப்புத் தரேல்லை நானா. கேட்டுப் பாப்பம். கேட்டா சொல்லுவினம்."

ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் தனித்தனியே எழுதினாள். நடந்தது இது, உங்களுக்கும் நடந்திருந்தால் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம் என்று. அந்தக் கிழமைக்குள் இரண்டு பேர் வந்து சொன்னார்கள். அதில் ஒருத்தி தாயிடமும் சொன்னாள். தாய் எங்களுக்கு நன்றி எழுதினார்.

ஏன் இவள் இப்படி என்று எனக்கு ஒரே ஒருமுறைதான் சொன்னாள். என் சின்னம்மாவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு முல்லைத்தீவு போயிருந்தபோது நேரில் சந்தித்தோம். மத்தியான வெயிலில் கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் இருந்து சோடா குடித்தோம். பலகாரத் தட்டின் படத்தைக் காட்ட என் போனை எடுத்தேன். நான் பூட்டுத் திறக்கிற எண்ணை அமத்துகிறபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்ன பிள்ளை, நான் என்ன வங்கியே வைச்சிருக்கிறன்?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள். சண்டை முடிந்து வெளியே வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. வரிசையில் நின்றார்கள். ஒரு மேசையில் ஆமிக்காரர் அவர்களுடைய பையைக் கொட்டிச் சோதித்தார்கள். தாயுடைய உள்ளுடுப்பை ஒவ்வொன்றாக விரித்து வைத்தார்கள். பின்னால் ஊரே நின்றது.

"அம்மா என்னைத்தான் பாத்தவா. நான் மற்றப் பக்கம் திரும்பியிருக்கலாம். பாத்துக்கொண்டு நிண்டிட்டன்."

நான் சோடாவைக் குடித்தேன். கொஞ்சம் கழித்து, "இப்ப காட்டுங்கோ, பலகாரத்தைப் பாப்பம்" என்றாள்.

போன வருடம் ஓடக்காரி அடிக்கடி காணாமல் போகத் தொடங்கினாள். ஆட்டக்காரர் கரையில் நின்று கூப்பிட்டபடி இருப்பார்கள், மறுமொழி வராது. கேட்டால் "காய்ச்சல் அக்கா", அடுத்த கிழமை "கடையிலை வேலை கூட." குரலும் மெலிந்து போயிருந்தது. ஏதோ இருக்கிறது என்று என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

நேராகக் கேட்டிருக்கலாம். "பிள்ளை, உமக்கு என்ன?" மூன்று சொல். எனக்குக் கேட்கப் பயம். சண்டைக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்டு நல்ல பதில் வந்த வீடு குறைவு. நேரே கேட்டால் அவள் சாட்டுச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லிவிடுவாள் என்பதும் தெரியும்.

ஒரு புதன்கிழமை, பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போனபின், முன்பள்ளிக் கதிரையில் இருந்து அவளுடைய உள்பெட்டியைத் திறந்தேன்.

ஆட்டத்தில் வைத்தியராக இருப்பவர் நிஜத்தில் பிரான்சில் தாதி. அவருக்குத்தான் எழுதியிருந்தாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ஆசுப்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள், போய்வர ஒரு நாள் முழுக்கப் போகிறது. அந்தத் தாதி, "எல்லாருக்கும் சொல்லுமன், ஆறுதலாக இருக்கும்" என்று எழுதியிருந்தார். அதற்கு அவள்:

"வேண்டாம் அக்கா. வீட்டிலை நான் வருத்தக்காரி. கடையிலை வருத்தக்காரி. பஸ்ஸிலை கூட எழும்பி இடம் தருகினம். பவளத்துறையிலை மட்டும்தான் நான் சுகமா இருக்கிறன். அதையும் என்னட்டை இருந்து எடுத்துப்போடாதேங்கோ."

வாசித்துவிட்டு அழுதேன். பதிவேட்டில் என் பெயரோடு ஒரு வரி விழுந்து கிடந்தது. காரணக் கட்டம் வெறுமையாக இருந்தது. என்ன எழுதுவது? 'விடுப்பு' என்றா? 'அன்பு' என்றா? வெறுமையாகவே விட்டேன். ஒரு நாளைக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. நாளைக்குச் சொல்லுவோம் என்று படுத்தேன்.

சொல்லாமல் விட்டதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கோதாரி, என் கை சும்மா இருக்கவில்லை. அடுத்த கிழமை பவளத்துறையில் என் கப்பல்காரி ஆற்றங்கரைக்குப் போய் ஓடக்காரியிடம் சொன்னாள்: "நீ தனியாக ஓடம் வலித்துக் களைத்துப் போகிறாய். இனிமேல் செவ்வாயும் வெள்ளியும் என் ஆட்கள் வலிக்கட்டும். நீ இளைப்பாறு." எழுதும்போது எனக்குப் பெரிய சந்தோசம். அவளுக்கு ஏதோ செய்துவிட்டேன் என்று. அனுப்பிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று உறைத்தது. கொள்ளைக்காரர் விசயத்தில் செய்த அதே பிழை.

மூன்று நாள் பதில் இல்லை. பிறகு ஓடக்காரி எழுதினாள், எல்லாரும் வாசிக்கிற பொதுப் பக்கத்தில்:

"செவ்வாயும் வெள்ளியும் எண்டு கப்பல்காரிக்கு ஆர் சொன்னது?"

மற்ற ஆட்டக்காரர் அதைச் சாதாரணக் கேள்வி என்று தாண்டிப் போய்விட்டார்கள். இது அவள் எனக்குத் திறந்துவிட்ட வழி என்று தெரியும். உடனே அழைத்து, "நான்தான் பிள்ளை, திறந்தனான்" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நான் என்ன செய்தேன்? கப்பல்காரியின் வாயால், "சந்தை நாட்கள், கூட்டம் அதிகம், அதுதான்" என்று ஒரு பொய்யை எழுதினேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஓடத்தை என் ஆட்கள் வலிக்க விட்டாள். ஆனால் அந்த நாளிலிருந்து ஓடக்காரி, ஏறுகிற ஆட்களோடு பகிடி விடுவதை நிறுத்திவிட்டாள். அவள் சுகமாக இருந்த ஒரே இடத்தையும் நான் ஆசுப்பத்திரி ஆக்கிவிட்டேன்.

அவளுக்கு வருத்தம் கடுமையாகி ஆசுப்பத்திரியில் விட்டிருக்கிறார்கள் என்று, நான் மடலைத் திறந்த ஐந்தாம் மாதம் தம்பிதான் நானாவுக்குச் சொன்னான். நானா எனக்குச் சொன்னார். இனி நான் அறிந்ததற்கு ஒரு நேர்வழிக் காரணம் கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் மனம் ஆறியது. அந்த ஆறுதலை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை தோடம்பழமும் வாங்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். தோடம்பழம் அவளுக்கு ஆகாது என்று வாசலில் நின்ற தாதி சொன்னா. பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அவள் கை முழுக்க ஊசி குத்திய தழும்பு. முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டு சிரித்தாள்.

"பிள்ளையளை ஆரட்டை விட்டிட்டு வந்தனீங்கள்?"

"இண்டைக்கு நேரத்தோடை விட்டிட்டன். நீர் சாப்பிட்டனீரோ?"

"ஓம். உப்பில்லாமல் ஒரு சாப்பாடு. கடற்கரைக்காரிக்கு வந்த கதியைப் பாருங்கோ."

தம்பியைப் பற்றி, கடையைப் பற்றிக் கதைத்தோம். நேரம் முடிந்தது என்று மணி அடித்தபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, என்னட்டை ஏதும் சொல்ல இருக்கோ?"

அறையில் வேறு யாரோ இருமினார்கள். வருத்தக்காரியிடம் போய் இதையா சொல்வது, சுகம் வரட்டும் பிறகு சொல்லுவோம் என்று மனம் ஒரு சாட்டுச் சொன்னது.

"இல்லையே பிள்ளை. ஒண்டுமில்லை."

"சரி அக்கா. கவனமாப் போட்டு வாங்கோ. பஸ்ஸிலை சனமாயிருக்கும்."

பதினாறாம் நாள் செய்தி வந்தது.

அவளை அடக்கம் செய்த சேமக்காலையில் நானாவும் வந்து தள்ளி நின்றார். தம்பி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "கோயில் விளக்கை நான் உண்மையா எடுத்தனான் அக்கா, ஆட்டத்திலை. அவாவுக்கு அது தெரியாது" என்று அழுதான். அட்மினுக்கு எல்லாப் பெட்டியும் திறக்கும், ஆனாலும் தன் பெட்டியை அக்கா பார்த்திருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். எனக்கு அவனைவிடப் பெரிதாக அழுகை வந்தது.

ஒரு கிழமை கழித்து நானா அழைத்தார். "அந்தப் புள்ளைட கணக்கை மூட வேணும் தங்கச்சி. உள்ளை ஒண்டையும் பாக்காமல் மூடச் சொல்லி அதுவே விதி எழுதி வைச்சிருக்கு. நீங்களே செய்யுங்கோ. எனக்குக் கை வரேல்லை."

கணக்கை மூடுமுன் பதிவேட்டைப் பார்த்து, திறந்த பெட்டி எதுவும் சொல்லப்படாமல் கிடக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அதுவும் அவளுடைய விதி. ஐந்து மாதமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை. மெல்லக் கீழே இறங்கினேன். என் பெயர். அந்தப் புதன்கிழமை. நான் வெறுமையாக விட்ட கட்டம் வெறுமையாக இல்லை.

'என்னட்டைக் கேட்டுத்தான் பாத்தவா.'

பக்கத்தில் அவளுடைய பெயர். எழுதிய நாள், நான் தோடம்பழத்தோடு போய்வந்த அந்த வெள்ளி. நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த நேரம், ஊசி ஏறிய கையால் அவள் அதை எழுதியிருக்கிறாள். பின்னால் யாரும் என்னைக் கேள்வி கேட்டுவிடக் கூடாது என்று. அந்தப் பதிவேட்டை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தேன். அவள் எழுதிய வரிகளில் பொய் அது ஒன்றுதான்.

அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே விடவும் முடியவில்லை. அதற்குக் கீழே எழுதினேன்: 'கேக்கேல்லை. கேக்கப் பயந்தனான்.' என் பெயர் பக்கத்தில் விழுந்தது. பொதுப் பக்கத்திலும் எல்லாருக்கும் எழுதினேன். இந்தமுறை ஒருவரும் பகிடி விடவில்லை.

திறந்தவர் உரிய ஆளுக்குச் சொல்ல வேண்டும். அது மட்டும் மிச்சம். அவளுடைய உள்பெட்டிக்கு ஒரு மடல் அனுப்பினேன். "பிள்ளை, உம்மடை மடலைத் திறந்தனான்." போய்ச் சேர்ந்தது. 'இன்னும் வாசிக்கப்படவில்லை' என்று அதற்குப் பக்கத்தில் காட்டிக்கொண்டிருக்கிறது.

கணக்கை மூடினால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். மூடியாச்சோ என்று நானா இரண்டு தரம் கேட்டுவிட்டார். நாளைக்கு மூடுகிறேன் என்று இன்றைக்கும் சொன்னேன்.